உடன் நடக்கும் அலைகள்



ஒளியை வாங்கிக்கொண்டு டெராஹெர்ட்ஸ் அலையைத் திருப்பித் தரும் படிகங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்தால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் சிக்கல் ஒன்றுதான். வேகம் வேறான இரண்டு அலைகளை ஒரே கல்லுக்குள் எப்படி ஒன்றாக நடக்கவைப்பது? இந்தத் துறையில் 60 ஆண்டுகளாக நடந்த நல்ல வேலைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள் என்பது என் எண்ணம். அதை உங்களிடம் காட்டிவிட முடிந்தால் இன்றைய என் வேலை முடிந்தது.

முதலில் டெராஹெர்ட்ஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை அதிரும் அலையின் அதிர்வெண் 1 டெராஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். பொதுவாக 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை இந்தப் பெயரில் சொல்கிறோம். இதற்குக் கீழே நுண்ணலை இருக்கிறது; செல்பேசியும் ரேடாரும் அங்கே இயங்குகின்றன. மேலே அகச்சிவப்பு இருக்கிறது. துணி, காகிதம், நெகிழி ஆகியவற்றை டெராஹெர்ட்ஸ் ஊடுருவிச் செல்லும். நீரிலும் உலோகத்திலும் அதன் பாச்சா பலிக்காது. எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் வலிமை அதற்கு இல்லை. மாத்திரையின் மேற்பூச்சு எவ்வளவு தடிமன், காரின் வண்ணப்பூச்சு எத்தனை அடுக்கு என்றெல்லாம் பொருளைக் கெடுக்காமல் அளக்க இது உதவுகிறது.

இவ்வளவு பயனுள்ள அலையை உண்டாக்குவது ஏன் கடினமாயிற்று? கீழேயிருந்து ஏறிப் போனால், மின்சுற்றில் எலக்ட்ரான்கள் அவ்வளவு விரைவாக முன்னும் பின்னும் ஓடித் திரும்ப முடிவதில்லை. அதிர்வெண் ஏற ஏறத் திறன் சரிந்துகொண்டே போகிறது. மேலேயிருந்து இறங்கி வந்தால் வேறொரு தடை. 1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 4 மில்லி எலக்ட்ரான்வோல்ட். இந்த அறையின் வெப்பத்துக்கே 25 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவு ஆற்றல் உண்டு. லேசர் செய்ய மேல் மட்டத்தில் எலக்ட்ரான்களை நிறைத்து, கீழ் மட்டத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டும். இரண்டு மட்டங்களுக்கும் நடுவே இவ்வளவு சிறிய இடைவெளி இருந்தால் வெப்பமே இரண்டையும் கலக்கிவிடுகிறது. 2002-இல் வந்த டெராஹெர்ட்ஸ் குவாண்டம் கேஸ்கேட் லேசரைக் கடுமையாகக் குளிர்வித்துத்தான் இயக்க வேண்டியிருந்தது.

ஆனால் இந்தப் பகுதியை மனிதர் அறியாமலே கிடந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கொல்கத்தாவில் ஜெகதீஷ் சந்திர போஸ் 1895 வாக்கிலேயே மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கிக் காட்டினார். அதை விடவும் என்னை வியக்க வைப்பது பெர்லினில் நடந்தது. அங்கே ஹைன்ரிக் ரூபன்ஸ், கூர்ல்பவும் ஆகிய இருவரும் 1900-ஆம் ஆண்டு, சூடான பொருள் வெளியிடும் நீண்ட அலைநீளக் கதிர்களை அளந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கதிர்களை மட்டும் பிரித்தெடுக்க அவர்கள் பயன்படுத்தியது படிகங்களைத்தான். ஃபுளோரைட் என்ற கனிமம் ஒன்று. நம் நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அந்தப் பாறை உப்பு மற்றொன்று. உப்புப் படிகத்தின் அயனிகள் சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் தாமே அதிர்கின்றன. அந்த அதிர்வெண்ணை ஒட்டி வரும் கதிரைப் படிகம் உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறது. மறுபடி மறுபடி பிரதிபலிக்கச் செய்தால் மற்றவை உதிர்ந்து அந்தக் கதிர் மட்டும் மிஞ்சுகிறது. பாறை உப்பில் மிஞ்சியது 51 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிர். இன்றைய கணக்கில் அது சற்றேறக்குறைய 6 டெராஹெர்ட்ஸ்.

அந்த ஆண்டு அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. ரூபன்ஸ் தம் மனைவியோடு மாக்ஸ் பிளாங்கின் வீட்டுக்குப் போனார். பேச்சுவாக்கில், நீண்ட அலைகளில் கதிரின் செறிவு வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது என்று சொன்னார். அன்றுவரை பிளாங்க் நம்பியிருந்த சூத்திரம் அதற்கு ஒத்துவரவில்லை. அவர் புதிய சூத்திரம் ஒன்றை எழுதினார். அக்டோபர் 19 அன்று ஜெர்மன் இயற்பியல் கழகத்தில் அறிவித்தார். குவாண்டம் கொள்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது. டெராஹெர்ட்ஸ் பகுதியில், படிகங்களின் துணையோடு எடுத்த அளவீடு ஒன்று அதற்கு வழிவிட்டது என்பதை நம் பாடநூல்கள் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும். ரூபன்ஸுக்கு உதவிய அந்த அயனி அதிர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே நமக்கு இடைஞ்சலாக வந்து நிற்கும்.

அதன்பின் 60 ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறேன். 1960-இல் மெய்மன் மாணிக்க லேசரை இயக்கிக் காட்டினார். மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய தோழர்களும் அந்த லேசரின் சிவப்பொளியைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் செலுத்தினார்கள். 694.3 நானோமீட்டர் சிவப்பு உள்ளே போயிற்று. அதோடு சேர்ந்து 347.2 நானோமீட்டர் புறஊதா வெளியே வந்தது. சரியாகப் பாதி அலைநீளம், இரட்டிப்பு அதிர்வெண். ஒளிப்படத் தகட்டில் புறஊதாவின் தடம் மிகச் சிறிய புள்ளியாகப் பதிந்திருந்தது. ஆய்விதழ் அச்சாகும்போது அது ஏதோ தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையில் அம்புக்குறி மட்டும் இருக்கிறது. அது காட்ட வேண்டிய புள்ளி இல்லை. நேரியலா ஒளியியல் என்ற முழுத் துறையும் அந்த அழிபட்ட புள்ளியிலிருந்துதான் பிறந்தது.

படிகத்துக்குள் என்ன நடந்தது? தம்பூராவின் இரண்டு தந்திகளைக் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் வைத்து, மயிரிழை வேறுபாடு விட்டு மீட்டிப் பாருங்கள். ஓசை பெருகியும் தணிந்தும் அலையலையாக வரும். அந்தப் பெருக்கும் தணிவும் இரண்டு சுருதிகளின் வேறுபாட்டு அதிர்வெண்ணில் நிகழ்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றில் அந்த மெதுவான அதிர்வெண்ணில் தனி அலை எதுவும் இல்லை. இரண்டு ஓசைகளும் கூடியும் கழிந்தும் தெரிகின்றன, அவ்வளவுதான். வெளிச்சமும் அப்படியே. இரண்டு நிற லேசர்களை வெற்றிடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விட்டால் செறிவு ஏறி இறங்கும். புதிய அலை பிறக்காது. புதிய அலை பிறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு பொருள் வேண்டும். அதன் எலக்ட்ரான்கள், மின்புலம் இரட்டித்தால் தாமும் சரியாக இரட்டிப்பு விலகாமல், கொஞ்சம் கூடவோ குறையவோ விலக வேண்டும். ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் தயங்கியும் நகர வேண்டும். அப்படி ஒருபக்கச் சாய்வு உள்ள படிகங்களைத்தான் தலைகீழ்ச் சமச்சீர் இல்லாதவை என்கிறோம். குவார்ட்ஸ் அப்படிப்பட்டது. லித்தியம் நியோபேட், துத்தநாக டெல்லூரைடு, கேலியம் பாஸ்பைடு ஆகியவையும் அந்த வகைதான். பாறை உப்புக்கு அந்தச் சாய்வு கிடையாது.

அத்தகைய படிகத்தில் இரண்டு அதிர்வெண்கள் நுழைந்தால் கூட்டல் அதிர்வெண்ணும் பிறக்கும், கழித்தல் அதிர்வெண்ணும் பிறக்கும். ஃபிராங்கன் கண்டது கூட்டல். ஒரே நிறத்தைத் தன்னிலிருந்தே கழித்தால் சுழி. அதாவது அதிராத, நிலையான மின்புலம். அதையும் 1962-இல் அதே குழு படிகத்தில் அளந்து காட்டியது. ஒளியைக் கொண்டு மின்னழுத்தம் உண்டாக்கும் அந்த விளைவுக்கு ஒளித் திருத்தம் என்று பெயர். 1965-இல் செர்னிகேயும் பெர்மனும் குவார்ட்ஸில் லேசர் ஒளியின் அருகருகே இருந்த நிறங்களைக் கழித்துத் தொலை அகச்சிவப்பை உண்டாக்கினார்கள். நம் கதையின் நேரடித் தொடக்கம் அதுதான்.

பிறகு மிகக் குறுகிய துடிப்பு லேசர்கள் வந்தபோது வேலை இன்னும் எளிதாயிற்று. 100 ஃபெம்டோநொடி நீளமுள்ள ஒளித் துடிப்பு ஒரே நிறமாக இருக்க முடியாது. துடிப்பு குறுகக் குறுக நிறம் விரியும் என்பது அலைகளின் இயல்பு. அந்தத் துடிப்புக்குள் 4 டெராஹெர்ட்ஸுக்கு மேல் அகலமுள்ள நிறக்கற்றை அடங்கியிருக்கிறது. அதன் ஒவ்வொரு நிறத்திலிருந்தும் மற்றொன்றைக் கழித்தால் கிடைப்பதெல்லாம் டெராஹெர்ட்ஸ். தனியாக இரண்டு லேசர்கள் வேண்டாம். ஒரே துடிப்பு தன்னைத் தானே கழித்துக்கொள்கிறது. 1971-இல் பெர்க்லியில் யாங், ரிச்சர்ட்ஸ், ஷென் மூவரும் லித்தியம் நியோபேட்டில் பிக்கோநொடித் துடிப்புகளைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

படிகத்தின் முகப்பில் ஒளித்துடிப்பு நுழைந்ததும் ஒரு சின்ன டெராஹெர்ட்ஸ் அலை பிறக்கிறது. துடிப்பு முன்னே போகப் போக ஒவ்வோர் இடத்திலும் புதிது புதிதாக அலை பிறந்துகொண்டே இருக்கிறது. முன்பு பிறந்ததும் இப்போது பிறப்பதும் முகடோடு முகடு பொருந்தினால் அலை வளரும். முகடும் பள்ளமும் சந்தித்தால், பிறந்தது அழியும். இதைக் கட்டப் பொருத்தம் என்கிறோம். துடிப்பும் டெராஹெர்ட்ஸும் ஒரே வேகத்தில் போனால் பொருத்தம் தானாக அமையும். ஆனால் படிகம் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. 800 நானோமீட்டர் ஒளித்துடிப்பு லித்தியம் நியோபேட்டுக்குள் வெற்றிட ஒளிவேகத்தின் 2.25-இல் ஒரு பங்கு வேகத்தில் போகிறது. டெராஹெர்ட்ஸ் அலையோ 5-இல் ஒரு பங்குதான். காரணம் என்ன? ஒளிக்கு எலக்ட்ரான்கள் மட்டும் ஈடுகொடுக்கின்றன. கனமான அயனிகளால் அவ்வளவு வேகமாக அசைய முடியாது. டெராஹெர்ட்ஸ் மெதுவாக அதிர்வதால் அயனிகளும் கூடவே அசைந்து அலையை இழுத்துப் பிடிக்கின்றன. ரூபன்ஸ் பயன்படுத்திய அதே அயனி அதிர்வுதான் இங்கே காலை வாரிவிடுகிறது.

கணக்குப் போட்டால், லித்தியம் நியோபேட்டில் 1 டெராஹெர்ட்ஸ் அலை 0.05 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு வரைதான் வளர முடியும். அதற்குமேல் போகும்போது வளர்ந்தது தேயத் தொடங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் நீளப் படிகத்தை வாங்கி வைத்தாலும் அதில் ஒரு நூலிழைத் தடிமன்தான் உழைக்கிறது.

படிகத்தின் தரத்தைப் பேசும்போது நம்மில் பலர் முதலில் கேட்பது அதன் நேரியலாக் குணகத்தை. எவ்வளவு வலுவாக அதிர்வெண்ணை மாற்றுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. டெராஹெர்ட்ஸ் உண்டாக்குவதற்கு லித்தியம் நியோபேட்டின் எண் சுமார் 168 பிக்கோமீட்டர்/வோல்ட். துத்தநாக டெல்லூரைடுக்குச் சுமார் 68. இதை மட்டும் பார்த்தால் முன்னதுதான் வெல்ல வேண்டும். ஆனால் 1990-களில் உலகெங்கும் ஆய்வகங்கள் கையில் எடுத்தது துத்தநாக டெல்லூரைடைத்தான். அந்தப் படிகத்தில் 800 நானோமீட்டர் துடிப்புக்கும் டெராஹெர்ட்ஸுக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. முன்னது வெற்றிட ஒளிவேகத்தின் 3.13-இல் ஒரு பங்கு, பின்னது 3.17-இல் ஒரு பங்கு. அதனால் சில மில்லிமீட்டர் தொலைவுவரை அலை வளர்ந்துகொண்டே போகிறது. அந்த நாளில் பரவலாகக் கிடைத்த டைட்டேனியம் சஃபயர் லேசரின் அலைநீளமும் அதே 800 நானோமீட்டர் என்பது நல்வாய்ப்பு. குணகம் பாதிக்கும் குறைவு. ஆனாலும் உடன் நடப்பதால் வென்றது.

அப்படியென்றால் வலுவான லித்தியம் நியோபேட்டைக் கைவிட வேண்டியதுதானா? 2002-இல் ஹங்கேரியின் பேச் நகரைச் சேர்ந்த யானோஷ் ஹெப்ளிங்கும் அவருடன் உழைத்தவர்களும் ஒரு பதில் சொன்னார்கள். அந்தப் பதிலின் அழகுக்காகவே இந்தத் துறைக்கு வந்தவர்கள் உண்டு. நானும் அதைச் சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஒளித் துடிப்பைக் காற்றில் பறந்து போகும் மெல்லிய தகடாக எண்ணிக்கொள்ளலாம். வழக்கமாகத் தகட்டின் முகம் அது போகும் திசைக்குச் செங்குத்தாக இருக்கும். அதைச் சாய்த்துவிட்டால்? ஒரு கீற்றணியில் பட்டுத் திரும்பும் துடிப்பு அப்படிச் சாய்ந்துவிடுகிறது; அதன் ஒரு விளிம்பு முந்தியும் மறு விளிம்பு பிந்தியும் வரும். பிறகு ஒரு வில்லையின் வழியே அதைப் படிகத்துக்குள் செலுத்துகிறார்கள். துடிப்பு தன் பழைய திசையில் பழைய வேகத்தில்தான் போகிறது. ஆனால் டெராஹெர்ட்ஸ் அலை புறப்படுவது அந்தச் சாய்ந்த முகத்துக்குச் செங்குத்தான திசையில். அந்தத் திசையில் துடிப்பின் முகம் நகரும் வேகத்தை அளந்தால் அது குறைந்து தெரியும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு குறையும். லித்தியம் நியோபேட்டில் 63 பாகை சாய்த்தால் அந்த வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, டெராஹெர்ட்ஸின் வேகத்தோடு சரியாக வந்து நிற்கிறது. அலை வெளியேறும் பக்கத்தையும் அதே கோணத்தில் அறுத்துவிட்டால் டெராஹெர்ட்ஸ் நேராக வெளியே வந்துவிடும்.

இதில் புதுப் படிகம் எதுவும் இல்லை, புது லேசரும் இல்லை. ஒளிக்கு வேகம் அதிகம் என்றால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. அதன் முகத்தை மட்டும் திருப்பி, நமக்கு வேண்டிய திசையில் மெதுவாகத் தெரியும்படி செய்தார்கள். 2011-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஹிரோரி, தனகா ஆகியோரின் குழு இந்த வழியில் சென்டிமீட்டருக்கு 10 லட்சம் வோல்ட் உச்ச மின்புலம் கொண்ட டெராஹெர்ட்ஸ் துடிப்பை எட்டியது. சாதாரணமாகச் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் போட்டாலே காற்றில் பொறி பறக்கும். இந்தத் துடிப்பு ஒரு பிக்கோநொடி அளவே இருப்பதால் பொறி பறக்க நேரமே கிடைப்பதில்லை. இவ்வளவு வலுவான புலத்தைக் கொண்டு ஒரு திடப்பொருளின் அயனிகளை வேண்டியபடி உலுக்கிப் பார்க்கலாம். எலக்ட்ரான்களை முடுக்கவும் டெராஹெர்ட்ஸைப் பயன்படுத்தலாம் என்று ஹாம்பர்கிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள்.

கொடுக்க வேண்டிய விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 800 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் 375 டெராஹெர்ட்ஸ். அதில் ஒரு ஃபோட்டானைச் செலவழித்து 1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டான் ஒன்றைப் பெற்றால், ஆற்றலில் 375-இல் ஒரு பங்குதான் நமக்குக் கிடைக்கிறது. சதவீதமாகச் சொன்னால் 0.27. மான்லி, ரோ இருவரும் 1956-இல் எழுதிய விதி இதற்கு மேல் போக விடாது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் ஒரு டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானைக் கொடுத்த ஒளி அழிந்துவிடுவதில்லை. மயிரிழை அளவு சிவந்து, ஏறத்தாழ அதே ஒளியாக மேலே போகிறது. கட்டப் பொருத்தம் நன்றாக இருந்தால் அதே ஒளி மறுபடியும் ஒரு டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானைக் கொடுக்கும், அதன்பின் இன்னொன்றையும் கொடுக்கும். லேசரின் நிறமாலை படிகத்தைக் கடந்தபின் சிவப்புப் பக்கம் நீண்டு கிடப்பதை அளக்கலாம். விதி ஒவ்வொரு படியிலும் அப்படியே செல்லும்; படிகள்தான் பல. ஹங்கேரி, ஜெர்மனி ஆய்வாளர்கள் 2014-இல் குளிர்வித்த லித்தியம் நியோபேட்டில் 0.77 சதவீதம் வரை எடுத்தார்கள். குளிர்வித்தால் அயனிகளின் சலசலப்பு அடங்கி, பிறந்த டெராஹெர்ட்ஸைப் படிகமே விழுங்குவது குறைகிறது. ஆக, சேர்ந்து நடக்கும் தொலைவு நீண்டால் விலையும் தணிகிறது.

இந்த இடத்தில் நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு நூல் வந்து சேர்கிறது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கொல்கத்தாவில் கண்டது என்ன? ஒளி ஒரு பொருளில் சிதறும்போது, மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டுத் தான் சற்றே சிவந்து வெளிவருகிறது என்பதை. கொடுத்த ஆற்றல் பொருளுக்குள் அதிர்வாகி, வெப்பமாகிக் கரைந்துவிடும். லித்தியம் நியோபேட் போன்ற படிகத்தில் அயனி அதிர்வும் மின்காந்த அலையும் தனித்தனியாக இல்லை. இரண்டும் கலந்த ஓர் அலை ஓடுகிறது. அதற்குப் போலாரிட்டான் என்று பெயர். அது பாதி அதிர்வாக இருந்தாலும் பாதி அலை. ஆகவே ஒளி அதற்குக் கொடுத்த ஆற்றலைப் படிகத்துக்கு வெளியே டெராஹெர்ட்ஸாக எடுத்துவிட முடியும்! 1969-இல் ஸ்டான்ஃபோர்டில் பான்டெலும் கூட்டாளிகளும் இதைத் தொடங்கினார்கள். 1990-களில் ஜப்பானின் செண்டாய் நகரில் கவாசே, இதோ ஆகியோர் இதை மேசைமேல் வைக்கும் கருவியாக்கினார்கள். லேசர் விழும் கோணத்தைச் சற்றே திருப்பினால் வெளிவரும் அதிர்வெண் மாறும். அந்தக் கருவியைக் கொண்டு கவாசேயின் குழு 2003-இல், அஞ்சல் உறைக்குள் இருந்த போதைப்பொருளையும் ஆஸ்பிரினையும் உறையைப் பிரிக்காமலே பிரித்தறிந்தது. இராமன் விளைவின் கிளையாறு ஒன்று இப்படி அஞ்சல் உறைக்குள் போய்ச் சேரும் என்று யார் எண்ணியிருப்பார்கள்!

உடன் நடக்கவைக்க இன்னொரு வழியும் உண்டு; அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகத்தைச் சரிசெய்ய முடியாவிட்டால், அலை தேயத் தொடங்கும் இடம் வந்ததும் படிகத்தின் சாய்வைத் தலைகீழாக்கிவிடுவது. தேய்வு வளர்ச்சியாகிவிடும். மறுபடி தேயும் இடத்தில் மறுபடி திருப்புவது. புளூம்பெர்கனும் அவருடைய தோழர்களும் 1962-லேயே தாளில் எழுதிவைத்த யோசனை இது. பின்னாளில் உயர் மின்னழுத்தம் கொடுத்து லித்தியம் நியோபேட்டில் வரி வரியாகத் திசை மாற்றும் கலை கைவந்தது. இத்தகைய வரிப் படிகம் ஒரே அதிர்வெண்ணில் நீண்ட டெராஹெர்ட்ஸ் தொடரைத் தருகிறது.

உண்டாக்குவது பாதி வேலைதான். கண்டுகொள்வது மறுபாதி. அதிலும் படிகம்தான் கைகொடுத்தது.

முன்பெல்லாம் டெராஹெர்ட்ஸை அளக்கப் பெரும்பாலும் திரவ ஹீலியத்தில் குளிர்வித்த போலோமீட்டர் வேண்டியிருந்தது. அது வெப்பத்தை உணருமே தவிர அலையின் வடிவத்தைச் சொல்லாது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ரென்சிலர் பாலிடெக்னிக்கில் ஷி-செங் ஜாங்கின் குழு துத்தநாக டெல்லூரைடை வேறு விதமாகப் பயன்படுத்தியது. டெராஹெர்ட்ஸ் அலை படிகத்துக்குள் நுழையும்போது அதன் மின்புலம் ஒளிவிலகல் எண்ணை மிகச் சிறிதளவு மாற்றுகிறது. 1893-இல் பாக்கல்ஸ் விளக்கிய விளைவு இது. அதே நேரத்தில் ஒரு குறுகிய ஒளித்துடிப்பையும் உடன் அனுப்பினால் அதன் முனைவாக்கத் தளம் சற்றே மாறும். அந்த மாற்றம் அந்தக் கணத்து மின்புலத்தின் அளவு. ஒளியின் பாதையில் ஒரு கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் துடிப்பு ஒரு பிக்கோநொடி தாமதமாக வரும். அப்போது அலையின் அடுத்த பகுதியைத் தொடலாம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அலையின் ஏற்ற இறக்கத்தை அப்படியே தாளில் வரைந்துவிடலாம். வெறும் செறிவு மட்டுமல்லாமல் கட்டமும் கிடைக்கிறது. ஆழ்ந்து பார்த்தால் இதுவும் அதிர்வெண் மாற்றம்தான். ஒளியோடு டெராஹெர்ட்ஸைக் கூட்டியும் கழித்தும் பிறந்த பக்க நிறங்களைத்தான் சாதாரண ஒளிக் கண்டறிவான் உணர்கிறது. இங்கேயும் ஒளியும் டெராஹெர்ட்ஸும் சேர்ந்து நடந்தாக வேண்டும். இல்லையென்றால் அலை மங்கிப் பதியும்.

அண்மையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த அறை வெப்பநிலையில் 1 டெராஹெர்ட்ஸில் ஒவ்வோர் அதிர்வு முறையிலும் சராசரியாக ஆறு வெப்ப ஃபோட்டான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் நாம் அனுப்பிய ஒற்றை ஃபோட்டானை எண்ணிப் பிடிப்பது எப்படி? ஜெர்மனியின் கைசர்ஸ்லௌட்டர்ன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல் டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானைப் பிடிக்காமலே அது கொண்டுவரும் செய்தியைப் படிக்கும் வழியைக் காட்டினார்கள். வரி வரியாகத் திசை மாற்றிய லித்தியம் நியோபேட்டில் 660 நானோமீட்டர் சிவப்பு லேசரைச் செலுத்தினார்கள். மிக அரிதாக ஒரு சிவப்பு ஃபோட்டான் பிளந்து, சற்றே குறைந்த ஆற்றலுள்ள மற்றொரு சிவப்பு ஃபோட்டானும் ஒரு டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானும் இணையாகப் பிறக்கும். டெராஹெர்ட்ஸ் ஃபோட்டான் மாதிரிப் பொருளின் வழியே போய்த் திரும்பி வருகிறது. சிவப்பு அந்தப் பொருளைப் பார்ப்பதே இல்லை. லேசர், பிறந்த சிவப்பு, டெராஹெர்ட்ஸ் மூன்றும் மறுபடி அதே படிகத்துக்குள் நுழையும்போது, இணை முதல் முறை பிறந்ததா, இரண்டாம் முறை பிறந்ததா என்று பிரித்தறிய வழி இல்லை. அதனால் சிவப்பு ஒளியில் குறுக்கீட்டு வரிகள் தோன்றுகின்றன. டெராஹெர்ட்ஸ் ஃபோட்டான் வழியில் பட்ட தாமதம் அந்த வரிகளில் தெரிகிறது. அவர்கள் டெஃப்லான் தகடுகளின் தடிமனை இப்படி அளந்தார்கள். பதிவு செய்தது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான சாதாரண வகைக் கேமரா. லேசரின் நிறத்துக்கும் பிறந்த சிவப்பின் நிறத்துக்கும் வேறுபாடு ஓரிரு நானோமீட்டர் மட்டுமே. அந்த இடுக்கிலிருந்து லேசரை வடிகட்டிப் பிரித்ததுதான் அந்தச் சோதனையின் கடுமையான உழைப்பு என்று நான் கருதுகிறேன்.

கடைசியாக, இந்த அவையில் இருக்கும் படிக வளர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். படிக வளர்ப்பில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் 1982-இல் தொடங்கியது. இன்று சிறு ஊர்க் கல்லூரிகளில்கூடக் கரைசலை வடிகட்டி, தாளால் மூடி, துளையிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து படிகம் எடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எடுத்ததைப் பொடியாக்கி, 1064 நானோமீட்டர் லேசரை விட்டு, பச்சை ஒளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை விட எத்தனை மடங்கு என்று எழுதுவார்கள். 1968-இல் கூர்ட்ஸும் பெர்ரியும் வகுத்த அந்தப் பொடிச் சோதனை முதல் வடிகட்டலுக்கு நல்லது. ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதுவரை சொன்னவற்றிலிருந்து காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும். பெரிய குணகம் உள்ள படிகம் டெராஹெர்ட்ஸுக்கு உதவாமலும் போகலாம். சிறிய குணகம் உள்ளது கொடிகட்டிப் பறக்கலாம்.

டாஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கரிமப் படிகத்தைப் பாருங்கள். அதன் குணகம் லித்தியம் நியோபேட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் 1.1 டெராஹெர்ட்ஸில் அதன் அணிக்கோவை அதிர்வு அலையை விழுங்கிவிடுகிறது. நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. வளர்க்கும்போது ஈரம் புகுந்தால் நீரேற்றப் படிகமாகவும் மாறிவிடும். அந்தப் பள்ளத்தை யாரோ அளந்து அச்சிட்டதால்தான் மற்றவர்கள் அதை ஒட்டிய வேறு மூலக்கூறுகளைத் தேடிப் போனார்கள்.

உங்கள் படிகத்தைப் பொடியாக்கும் முன், 1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தட்டு அறுத்து, இரு பக்கமும் மெருகேற்றி எடுத்துவையுங்கள். டெராஹெர்ட்ஸ் நிறமாலைமானி உள்ள ஆய்வகங்கள் நம் நாட்டில் இருக்கின்றன, அங்கே அனுப்புங்கள். தட்டு இருக்கும்போது ஒருமுறை, இல்லாதபோது ஒருமுறை துடிப்பைப் பதிவு செய்தால் போதும். துடிப்பு எவ்வளவு தாமதமானது என்பதிலிருந்து டெராஹெர்ட்ஸ் ஒளிவிலகல் எண் கிடைக்கும். எவ்வளவு தேய்ந்தது என்பதிலிருந்து உறிஞ்சல் கிடைக்கும். கூடவே 800, 1030, 1550 நானோமீட்டர் லேசர்களில் ஒளித்துடிப்பின் வேகத்தையும் கணக்கிட்டு அதே அட்டவணையில் பக்கத்தில் எழுதுங்கள். எந்த லேசரோடு அந்தப் படிகம் ஒத்துப்போகும் என்பதை அட்டவணையைப் பார்த்தே வேறொருவர் சொல்லிவிடுவார். ஒத்துப்போகவில்லை என்றாலும் அதையும் அச்சிடுங்கள்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். படிகம் வளர்ப்பவர்கள் முதலில் கேட்கலாம்.